நான்காம் தவணை: வன்னியில் விசேட தேவையுடைய பிள்ளைகளின் விடுமுறைக்காலம்



விசேட தேவையுடைய பிள்ளைகளின் விடுமுறைக்காலத்தை எப்படித் திட்டமிடுவது என்பதே இந்த உரையின் பொருள். இலங்கையில் பாடசாலை ஆண்டுக்கு மூன்று தவணைகள். வழக்கமாக ஏப்ரலில் ஒன்று முடியும். ஓகஸ்டில் ஒன்று முடியும். டிசம்பரில் ஒன்று முடியும். தவணை முடிந்த அன்றே ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறோர் உலகம் திறந்துவிடுகிறது. குளக்கட்டு இருக்கிறது, விளையாட்டிடம் இருக்கிறது, அம்மம்மா வீடு இருக்கிறது. விசேட தேவையுடைய பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பாடசாலைக் கதவு மூடியதும் அந்தப் பிள்ளைக்கு வீட்டு விறாந்தைதான் மிச்சம். தோழர் இல்லை, ஆசிரியை இல்லை, விடிந்தால் எங்கே போவது என்ற நிச்சயம் இல்லை.

அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறையை நான்காம் தவணை என்றே எண்ண வேண்டும். மூன்று தவணைக்கும் நேரசூசி உண்டு, பொறுப்பானவர் உண்டு, செலவுக்கணக்கு உண்டு. நான்காம் தவணைக்கும் அவை வேண்டும். இந்த உரை சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில், விடுமுறை ஒரு பிள்ளையிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாளின் ஒழுங்குதான் கைப்பிடி. எதற்குப் பின் எது வரும் என்று தெரிந்தால் அமைதி; தெரியாவிட்டால் பதற்றம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் தசைகள் நாளாந்தப் பயிற்சி நின்றால் இறுகத் தொடங்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை பல மாதம் முயன்று பழகிய ஒரு வேலையை, கையாளாமல் விட்டால் மறந்துபோகும். மறந்ததை மீட்க மற்றப் பிள்ளைக்குச் சில நாள் போதும். இந்தப் பிள்ளைக்குச் சில மாதம் ஆகலாம். ஒரு தவணை முழுவதும் பாடுபட்டுப் பழக்கியது ஒரு விடுமுறையில் கரைந்துபோனால், அடுத்த தவணை பழைய இடத்திலிருந்தே தொடங்கும். ஆண்டுக்கு மூன்று முறை இப்படி நடந்தால் அந்தப் பிள்ளை எப்போது முன்னேறும்?

இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பாடசாலை ஆண்டு 180 நாள் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. கடும் தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் கற்றதை இழக்கிறார்கள், இழந்ததை மீட்க நெடுநாள் ஆகிறது என்பதே அவர்களின் வாதம். 1979இல் தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே 180 நாள் என்ற விதி இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் கண்டது. விடுமுறையிலும் கற்பித்தலைத் தொடரும் ஏற்பாடு அந்த நாட்டில் அதன் பின்னரே வேரூன்றியது.

இலங்கைச் சட்டமும் இந்தப் பிள்ளையை மறந்துவிடவில்லை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையாக்குகிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமாகக் கலந்துகொள்ள வழி செய்ய வேண்டும் என்று அதன் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே விடுமுறை நிகழ்ச்சி யாரோ மனமிரங்கிக் கொடுக்கும் கொடை ஆகாது. பிள்ளைக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பிக்கும் வேலை அது.

சட்டம் கொழும்பில் இருக்கிறது. பிள்ளை எங்கே இருக்கிறது? பூநகரியின் மணல் பாதையின் முடிவில் இருக்கிறது. துணுக்காயில் வயலுக்கு நடுவே ஒரு வீட்டில் இருக்கிறது. கொக்கிளாய்க் கரையில் இருக்கிறது. வெங்கலச்செட்டிகுளத்தில், 2009இல் பெரும் முகாம்கள் எழுந்த மண்ணுக்கு அருகே இருக்கிறது. வன்னியில் குடும்பங்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவை. செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோரைத் தங்கவைத்த மெனிக் பாம் முகாம் 2012இல்தான் மூடப்பட்டது. போரில் கணவனை இழந்து, காணாமற்போனவரைத் தேடி, தனியொருத்தியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர். அன்று பிள்ளையாக இருந்தவர்கள் இன்று பெற்றோர். இந்த மண்ணில் ஒரு தாய் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும். பாடசாலை நாளில் விசேட கல்வி அலகு அவளுக்கு அரை நாள் கைகொடுக்கிறது. விடுமுறையில் யார் கைகொடுப்பார்?

ஆகவே திட்டத்துக்கு வருவோம். ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

முதற்படி, பிள்ளைகளைத் தேடிக் கண்டறிதல். விடுமுறை தொடங்க எட்டு வாரம் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும். விசேட கல்வி அலகின் பதிவேட்டில் உள்ள பெயர்கள் போதுமா? போதாது. பதிவேட்டுக்கு வராத பிள்ளையே மிகவும் தனித்திருக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளையை யார் அறிவார்? பிறந்த நாள் முதல் நிறை பார்த்து வந்த குடும்பநல உத்தியோகத்தர் அறிவார். கொடுப்பனவுப் படிவம் நிரப்பிய சமூக சேவை உத்தியோகத்தர் அறிவார். முன்பள்ளி ஆசிரியை அறிவார், கிராம அலுவலர் அறிவார். இந்த நால்வரும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பட்டியல் ஒரு நாளில் முழுமையாகும். ஊரில் உள்ளவர்களைக் கொண்டே இப்படி வேலை செய்யும் சமுதாயம் சார் புனர்வாழ்வு நிகழ்ச்சித் திட்டம் இலங்கையில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட, ஊரிலேயே பயிற்சி அளிப்பதற்கான கைந்நூலின் ஆசிரியர்களில் ஒருவர் இலங்கையரான பத்மனி மெண்டிஸ். அந்த வழியின் சாரம் எளியது: பிள்ளையை நிபுணர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதோடு நில்லாமல், ஊரில் இருப்பவர் கைக்கு அறிவைக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாம் படி, வீட்டுக்குப் போதல். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு மணி நேரம் அமர வேண்டும். பிள்ளை எப்படி உண்கிறது? கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படி உணர்த்துகிறது? எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறது? எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுக்கிறது? வலிப்பு வருவதுண்டா? எதைக் கண்டால் முகம் மலர்கிறது? இவற்றைத் தாயிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம், மற்றது அந்தப் பிள்ளையோடு நாள் முழுவதும் இருக்கப் போகும் துணையாளரிடம். மருத்துவ அறிக்கை பிள்ளையின் நோயைச் சொல்லும். பிள்ளையைச் சொல்வது இந்தத் தாள்.

மூன்றாம் படி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கு. பத்து இலக்கு வேண்டாம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரு பிள்ளை தானாகக் கோப்பையைப் பிடித்து மோர் குடிக்க வேண்டும். இன்னொரு பிள்ளை தண்ணீர் வேண்டும் என்பதைப் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். வேறொரு பிள்ளை தன் முறை வரும் வரை காத்திருக்கப் பழக வேண்டும். சிறிய இலக்குகள்தான். ஆனால் தானாகக் குடிக்கப் பழகிய பிள்ளை தாயின் நாளில் எத்தனை நிமிடங்களை மீட்டுக் கொடுக்கிறது என்பதை அந்தத் தாயிடம் கேட்டால் தெரியும்.

நான்காம் படி, இடமும் காலமும். ஓகஸ்ட் மாதத்து வன்னி எப்படிப்பட்டது? மழை வடகீழ்ப் பருவத்தோடு போய் மாதங்கள் ஆகியிருக்கும். குளங்கள் வற்றிக் கிடக்கும். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும். பத்து மணிக்குமேல் தகரக் கூரையின் கீழ் இருக்க முடியாது. முதுகுத்தண்டில் பாதிப்புள்ள பிள்ளைகளின் உடல் வெப்பத்தைச் சரிவரச் சீராக்காது. சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். ஆகவே நிகழ்ச்சி காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிய வேண்டும். இடம் ஓட்டுக் கூரையும் மரநிழலும் உள்ள பாடசாலையாகவோ முன்பள்ளியாகவோ சனசமூக நிலையமாகவோ இருக்கலாம். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், வேலியும் பூட்டும் உள்ள வாயில், கைபிடிக் கம்பி உள்ள கழிவறை, குடிதண்ணீர் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. விதி வந்த இடத்துக்குச் சாய்தளம் வரவில்லையென்றால், மூன்று மூடை சீமெந்தும் ஒரு மேசனின் இரண்டு நாள் வேலையும் பல இடங்களில் போதும்.

திகதியிலும் கவனம் வேண்டும். கோவிட் பெருந்தொற்றும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் தவணைத் திகதிகளை முன்னும் பின்னும் தள்ளின. ஆகவே இரண்டு வாரத்தில் முழுமை பெறும் திட்டமாக அமைத்துக்கொண்டால், விடுமுறை நீண்டால் நீட்டலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக அறுவடை நடக்கும் காலத்தில் தாய்மார் வயலில் நிற்பார்கள். ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழா. கத்தோலிக்கக் குடும்பங்கள் பல மடுவுக்குப் போயிருக்கும். வவுனியாவில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தால் வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் அவர்கள் வீடு சேர வேண்டும். ஊரின் நாட்காட்டியைப் பாராத திட்டத்துக்கு ஊர் வராது.

ஐந்தாம் படி, போக்குவரத்து. நல்லெண்ணத்தோடு தொடங்கிய திட்டங்கள் சரிவது இங்கேதான். பொம்மைகளும் பந்துகளும் அன்பளிப்பாக வந்து குவியும். பிள்ளை வந்துசேர வழி இருக்காது. பஸ் ஓடாத ஒழுங்கையின் முடிவில் இருக்கும் பிள்ளைக்கு ஓட்டோதான் பாடசாலை வாசல். ஆகவே செலவுக்கணக்கின் முதல் வரி வாகனமாக இருக்கட்டும். அதே ஓட்டோ, அதே சாரதி, அதே நேரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முகம் மாறாத சாரதியே நாளின் முதல் நம்பிக்கை. ஓட்டோவில் ஒரு துணையாளரும் கூடவே வர வேண்டும்.

ஆறாம் படி, நாளின் ஒழுங்கு. ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு வருகை; ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, தினமும் ஒரே பாட்டு. எட்டு இருபதுக்குப் படப் பலகை. அன்றைய வேலைகள் ஒவ்வொன்றும் ஓர் அட்டையில் படமாக இருக்கும். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையே அந்த அட்டையைக் கழற்றிப் பெட்டியில் போடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷொப்லர் குழுவினர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக 1972 முதல் வளர்த்தெடுத்த முறையின் அடிப்படை இதுதான். காதால் கேட்டது காற்றோடு போகும்; கண்ணால் கண்டது பலகையில் நிற்கும். எட்டரைக்கு உடற்பயிற்சியும் விளையாட்டும், வெயில் ஏறுமுன். ஒன்பதே காலுக்குக் கைவேலை. பத்து மணிக்குக் கை கழுவுதலும் இலைக்கஞ்சியும். உண்பதும் கழிவறைக்குப் போவதும் இங்கே இடைவேளை ஆகா, அவையே முக்கிய பாடங்கள். பத்தரைக்குப் பிள்ளை தானே தெரிவு செய்யும் அரை மணி நேரம். பதினொரு மணிக்கு இசை. இறுதியில் மீண்டும் அதே விடைபெறும் பாட்டு. அமைதி தேவைப்படும் பிள்ளைக்கு ஒரு மூலையில் பாய் விரித்துச் சேலைத்திரை கட்டிய இடம் எப்போதும் திறந்திருக்கும்.

என்ன விளையாட்டு, என்ன கைவேலை? விலைகொடுத்துப் பிற நாட்டுப் பொருள் வாங்க வேண்டுமா? வன்னி மண்ணில் என்ன குறை? கச்சான் கோதை உடைக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இயங்கப் பழகுகின்றன. பென்சில் பிடிக்கத் தேவையான வலுவும் அதுவே. குளத்துக் களிமண்ணைப் பிசைவது இறுகிய கைக்கு இதமான பயிற்சி. பனையோலை இழைப்பது இரு கைகளையும் ஒன்றுசேர்க்கிறது. கிளித்தட்டுக் கோடுகளை அகலமாக்கிச் சாம்பலால் வரைந்தால் சக்கர நாற்காலியும் உள்ளே ஓடும். பந்தைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றிக் கட்டினால் அது உருளும்போது சரசரக்கும். பார்வையற்ற பிள்ளை அந்த ஒலியைத் துரத்தும். முல்லைத்தீவு மண் கோவலன் கூத்தை வளர்த்த மண். அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு வந்து அமர்ந்தால், காது கேளாத பிள்ளை தோலில் உள்ளங்கையை வைத்துத் தாளத்தை உணரும். நடக்க முடியாத பிள்ளை இருந்த இடத்திலிருந்தே அரசனாக வேடம் புனையும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சந்தைக்குப் போகலாம். காசைக் கொடுத்து மிச்சத்தை வாங்கும் ஒரு பிள்ளையைச் சந்தை முழுவதும் பார்க்கும். பிள்ளை கற்கும், சந்தையும் கற்கும்.

ஏழாம் படி, மனிதர்கள். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தது ஐந்து துணையாளர்கள் வேண்டும். கடும் தேவையுடைய பிள்ளைக்கு ஒருவருக்கு ஒருவர். ஆட்கள் எங்கே? உயர்தர வகுப்பு மாணவர்கள் இருக்கிறார்கள். 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. இவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, இயன்மருத்துவரும் பேச்சுச் சிகிச்சையாளரும் வாரம் ஒருமுறை வந்து வழிகாட்டினால் வேலை நடக்கும்.

இப்படி நடந்ததற்குச் சான்று உண்டா? உண்டு. 1962ஆம் ஆண்டு கோடையில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற பெண்மணி அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள தம் வீட்டு வளவையே அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். இளம் மாணவர்கள் துணையாளராக வந்தார்கள். இந்தப் பிள்ளைகளால் விளையாட முடியாது என்று அன்று பலரும் நம்பியிருந்தார்கள். பிள்ளைகள் நீந்தினார்கள், ஓடினார்கள், பந்தெறிந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1968 யூலையில் சிக்காகோவில் முதலாவது சிறப்பு ஒலிம்பிக் போட்டி நடந்தது. இன்று உலகெங்கும் பரவியுள்ள ஓர் இயக்கத்தின் வித்து ஒரு வீட்டு முற்றத்து விடுமுறை நிகழ்ச்சி.

அவ்வளவு தொலைவு போகவும் தேவையில்லை. மட்டக்களப்பில் 1996இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் முன்னின்றார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண்ணும் வண்ணமும் கதையுமாக நாளைக் கழித்தார்கள். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் தலைமையில் 2004இல் தொடங்கிய சிவபூமி பாடசாலை, அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கென்றே எழுந்தது. மாங்குளத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்காக உயிரிழை அமைப்பு இயங்குகிறது. வழி தெரிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள்.

எட்டாம் படி, பாதுகாப்பு. இங்கே தயவு தாட்சண்ணியம் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிற் பலர் சொல்லாமல் வெளியேறுவார்கள்; பலரைத் தண்ணீர் ஈர்க்கும். அப்படி வெளியேறிய பிள்ளைகள் இறக்க நேரும்போது நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணமாக இருக்கிறது. வன்னியோ குளங்களும் வாய்க்கால்களும் கட்டில்லாத கிணறுகளும் நிறைந்த நாடு. வாயிலில் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டும். மணிக்கொருமுறை தலை எண்ண வேண்டும். மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத பகுதிகள் உள்ளதால், நாளாந்தம் மக்கள் புழங்கும் பாதை தவிர வேறு பாதையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கூடாது. வலிப்பு வந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. பேச முடியாத பிள்ளையால் நடந்ததைச் சொல்ல முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி, ஊரைச் சேர்த்தல். அயலில் உள்ள பிள்ளைகளையும் அண்ணன் தங்கையரையும் அழைக்க வேண்டும். தனியே ஒதுக்கி நடத்தும் நிகழ்ச்சி ஒரு வேலிக்குப் பதில் இன்னொரு வேலியையே தரும். சேர்ந்து கிளித்தட்டு ஆடிய பிள்ளை, பாடசாலை தொடங்கியதும் விசேட கல்வி அலகின் யன்னலில் நின்று தன் தோழனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். தாய்மாருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, வீட்டில் தொடர வேண்டிய பயிற்சியைக் கையோடு காட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் அந்த மூன்றரை மணி நேரம் அவர்களுடையது: வயலுக்குப் போகட்டும், கிளினிக்குக்குப் போகட்டும், சற்றுக் கண்ணயரட்டும்.

பத்தாம் படி, பாடசாலையிடம் ஒப்படைத்தல். தொடக்க நாளில் பிள்ளை எங்கே நின்றது, இறுதி நாளில் எங்கே நிற்கிறது? ஒரு பக்கத்தில் எழுதி, புதிய தவணையின் முதல் நாளில் ஆசிரியையின் கையில் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் இல்லாமல் வந்த பிள்ளையென்றால், அதிபரிடம் அழைத்துச் சென்று சேர்த்துவிட வேண்டும். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதி இந்தப் பிள்ளைக்கும் உரியது.

பெரியோரே, தாய்மாரே, இளையோரே, இவற்றில் எது முடியாதது? கட்டடம் இருக்கிறது, விடுமுறையில் பூட்டிக் கிடக்கிறது. இளைஞர்கள் இருக்கிறார்கள், அழைப்பார் இல்லை. மத்தளம் இருக்கிறது, களிமண் இருக்கிறது, கஞ்சி காய்ச்சக் கைகள் இருக்கின்றன. அவற்றை ஒரே காலையில், ஒரே முற்றத்தில் சேர்ப்பதற்குப் பெயர்தான் திட்டம். அடுத்த விடுமுறைக்கு எட்டு வாரம் இருக்கையில், ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருவர் ஒரு கொப்பியைத் திறந்து, தம் ஊரில் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்கட்டும். நான்காம் தவணை அந்த முதற் பெயரிலிருந்து தொடங்குகிறது.